சீனா பலகையும் எங்க அண்ணியும்

மூங்கில் பூத்து மலையெல்லாம் அரிசி கொட்டின வருசம். அப்பப் பெஞ்ச மழையில வத்தல்மலைப் பாதை சரிஞ்சு போச்சு. செங்குத்துப் பாறையோரமா மூங்கில் கழிங்களைக் காட்டுக்கொடியால கட்டி, அதுமேல எங்க அண்ணியோட ஊர்ப் பொம்பளைங்க தலைச்சுமையோட வரிசையா நடந்து சந்தைக்குப் போனாங்க. சின்னப் பையன்னு என்னை வுடல. நின்னு பார்த்துட்டிருந்தேன்.

இன்னைக்கு எங்க குப்பாயி அண்ணிக்குத் தருமபுரியில கண் ஆபரேசன். பார்வை இருக்கற ஒரு கண்ணையும் புரை மூடிட்டு வருது. பஸ் வந்து நிக்குது, ஏற மாட்டேங்கறாங்க. ரோடு போட்டதுல இருந்து ஒரு நாளும் ஏறினதில்ல.

போன்ல சீனா நாட்டு வீடியோவைக் கண்ணுகிட்ட வச்சுக் காட்டினேன். மலையோட நெஞ்சுல பலகை அடிச்சு, மேகத்துக்கு மேல ஜனங்க நடக்கறாங்க.

"பாருங்க அண்ணி, இவங்களே பயப்படல."

"புடிச்சுக்கச் சங்கிலி இருக்குது, என்னா பயம்? அதுல நடந்தா என் காலு, என் புத்தி. பஸ்சுல டிரைவர் காலுதானே, கொழுந்தனாரே?"

டிரைவர் எட்டிப் பார்த்தார். "ஆயா, என் காலும் வூட்டுக்குத் திரும்பிப் போவணுங்க. ஏறுங்க."

சிரிச்சுட்டே ஏறிட்டாங்க.

வளைவுல மேகம் வந்து பள்ளத்தை மூடிடுச்சு. பஸ் இறங்குதா மிதக்குதான்னே தெரியல. அண்ணி வெறுங்காலைத் தரையில அழுத்திக்கிட்டு, அன்னைக்கு முன்னாலயும் பின்னாலயும் நடந்தவங்க பேரை ஒவ்வொண்ணா முணுமுணுத்துட்டு வந்தாங்க.

இப்ப ஆபரேசனுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் வெளிய உக்காந்திருக்கேன்.

பஸ்சுக்குப் பயந்தவங்கன்னு சிரிக்கறவங்க சிரிங்க. அந்தக் கழிமேல நடந்தவங்கள்ல இன்னைக்கு உசுரோட இருக்கறது குப்பாயி அண்ணி ஒருத்தர்தான்.