ஈரத் தாளோடு பூசைக்கு

இன்று ஞாயிற்றுக்கிழமை. சூரியநெல்லிக்கு ஆள் ஏற்றிப்போய்த் திரும்பியதும், நனைந்த ஜீப்பின் பிளாஸ்டிக் படுதாவை உதறினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குக் கோபம் வந்தது. எதற்கென்று சொல்கிறேன், பிள்ளைகளே.

தேயிலைக் கொழுந்து மிகுந்த மாதங்களில் எஸ்டேட்டில் ஞாயிறும் வேலை உண்டு. என் அம்மா லூர்து, கொழுந்து கிள்ளிய மலையிலிருந்து நேரே மாதா கோயிலுக்கு ஓடிவருவாள். மழைக்கு இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாளில் தண்ணீர் சொட்டும், காலில் ரத்தம் குடித்த அட்டை தொங்கும். பூசையில் சாமியார் தரும் நற்கருணை அப்பம் வாங்காத ஞாயிறு அவளுக்கு ஞாயிறே அல்ல.

ஒருநாள் கோயில் மூப்பர் வாசலில் கையை நீட்டி மறித்தார். "ஏட்டி லூர்து, இது என்ன கொழுந்து நிறுக்கிற இடமா? குளிச்சிட்டு வா."

"குளிச்சிட்டு வந்தா பூசை முடிஞ்சிருமே, அண்ணாச்சி."

"அப்ப அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரமும் கொழுந்து இருக்கும். ஆண்டவர் என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா, வேர்வ வாடைக்கு மூக்கப் பொத்துறதுக்கு?"

உள்ளே பெண்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா அவர் கையைத் தள்ளிவிட்டு நடந்தாள். முன்வரிசையில் மூப்பரின் மனைவி பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள். மூப்பர் மனைவி சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். அம்மா நற்கருணை வாங்கிவிட்டுத்தான் வெளியே வந்தாள். மூப்பர் சாகும்வரை அவளோடு பேசவில்லை. அவளும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

அதனால்தான், "டியூஷன் முடியட்டும், பரீட்சை முடியட்டும், அப்புறம் கோயிலுக்கு வாரோம்" என்று நீங்கள் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒன்று முடிந்தால் இன்னொன்று வரும். நான் இந்தக் காக்கிச் சட்டையோடுதான் இப்போது பூசைக்குப் போகிறேன். டீசல் வாடை பிடிக்காதவர்கள் நகர்ந்து உட்காரட்டும்.