தையல்காரி சொன்ன ‘பாத்தாச்சு’

தையல்காரி தன் வாழ்நாளில் சொன்ன பொய்களைக் கொட்டி அளந்தால் ஒரு கூடை தேறும். ‘நாளைக்கு வாங்க, துணி ரெடியா இருக்கும்’ என்பது மட்டுமே அதில் பாதிக் கூடை. அதற்கெல்லாம் அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை காலை, வீட்டுப் பின்பக்கத்து மரப்பட்டறையில் நின்று சொன்ன ஒற்றை வார்த்தை, ஏழு நாள் மீன்முள்ளாக அவள் தொண்டையில் நின்றது.

அவள் கணவர் முப்பத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டியவர். ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடித்ததில்லை என்பார். ஒருமுறை எதிரே வந்த ஆட்டுக்கு வழிவிட்டு இரண்டு மைல் பின்னோக்கியே ஓட்டியதாகவும் சொல்வார். பயணிகள் யாரும் சாட்சிக்கு வந்ததில்லை. ஓய்வு பெற்றபின் அவர் சும்மா இருந்தது சரியாக ஒன்பது நாள். பத்தாம் நாள் சிஎன்சி ரவுட்டர் வந்து இறங்கியது. கணினியில் படம் வரைந்து கொடுத்தால், சுழலும் ‘பிட்’ என்ற வெட்டுமுனை தானே நகர்ந்து மரத்தில் அதைச் செதுக்கும்.

“தனியாக் கத்துக்கிட்டா விரலைத் தொலைச்சிட்டு வருவீங்க” என்று தையல்காரியும் சேர்ந்துகொண்டாள். பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும் சனிக்கிழமைதோறும் வந்தார்கள். இரண்டு ஜோடி, ஒரு மெஷின், ஐந்து அபிப்பிராயம்.

படம் வரைவதும் எவ்வளவு ஆழம் என்று கணினியில் போடுவதும் அவர் பொறுப்பு. பிட் மாட்டுவது அவள் பொறுப்பு. நாற்பது வருஷம் ஊசி மாட்டிய கை அல்லவா. ஒவ்வொரு முறை பிட்டை மாற்றும்போதும் அதன் முனையைப் பலகைமேல் தொடும்வரை இறக்கி, ‘இங்கிருந்துதான் ஆழம் ஆரம்பம்’ என்று மெஷினுக்குச் சொல்லிவைக்க வேண்டும். பொத்தானை அழுத்துமுன் அவர் வண்டி கிளப்புகிற தோரணையில் கேட்பார்: “பலகை இறுக்கியாச்சா? உயரம் பாத்தியா?”

அந்தச் சனிக்கிழமை மாட்டிய பலகை தேக்கு. மூன்று மாசம் உதவாத ஒட்டுப்பலகையில் பழகியபின் கையில் எடுத்த முதல் நல்ல மரம். தங்கள் கட்டிலின் தலைமாட்டுக்கென்று பதினொரு நாள் உட்கார்ந்து ஒரு கொடி வரைந்திருந்தார். தடித்த பிட் தன் வேலையை முடித்தது. அவள் மெல்லியதை மாட்டினாள். தையல் மெஷினில் ஊசியை மேலே முட்டும்வரை தள்ளித் திருகினால் முடிந்தது கதை. எந்த ஊசியும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். கை அதே பழக்கத்தில் தள்ளியது, திருகியது.

“உயரம் பாத்தியா?”

“பாத்தாச்சு.”

புது பிட் பழையதைவிட ஒரு விரற்கடை நீளம். பலகையைத் துளைத்து, அடிமேசையையும் குடைந்து, அது போட்ட சத்தத்தில் தெருக்கோடியில் தூங்கிய நாய் ஊரைவிட்டே போய்விட்டது. பிட் முறிந்தது. கொடிக்கு நடுவே ஒரு முழத்துக்குப் பள்ளம்.

“ஆழத்த நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்” என்றார் அவர். அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தாள்; “விடுங்க, மரம்தானே” என்றுதான் வந்தது.

புதன்கிழமை அவர் கணினி முன்னால் கூப்பிட்டார். “ஆழம் மூணு மில்லிமீட்டர்னுதான் எனக்குத் தெரியுது. நீ படி.”

“மூணுதாங்க.”

“நம்பர் சரி. வேற எதையோ மாத்திட்டு மறந்திருக்கேன். அப்ப என் தலைதான் சரியில்ல. அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அவருடைய அண்ணன் இரண்டு வருஷமாகப் பெற்ற பிள்ளைகளையே ‘நீங்க யாரு?’ என்று கேட்கிறவர்.  தையல்காரி நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டு, கணவருக்கு ஒரு சட்டை தைத்தாள். மறுநாள் இன்னொன்று. வெள்ளிக்கிழமைக்குள் நாலு சட்டை ஆயிற்று. நல்ல நேரம் வரவில்லை. அன்று சாயங்காலம் அவர் கார் சாவியை அவள் மடியில் வைத்தார்.

“இனிமே இது என்கிட்ட வேணாம். யார்மேலயாவது ஏத்திடப் போறேன்.”

அவளுக்கு மிதிவண்டிகூட ஓட்டத் தெரியாது.

மறுநாள் மருந்துக்கடைக்காரர் பள்ளத்தைப் பார்த்துச் சிரித்தார். “அண்ணே, தலைமாட்டுக்கு வேணாம், கால்மாட்டுல வெச்சிருங்க. காலு நுழைக்க வசதி!”

கணவர் சிரிக்கவில்லை. துடைப்பத்தை எடுத்தார். “நீங்க மூணு பேரும் ஓட்டுங்க. நான் தூள் கூட்டறேன்.”

“நான் பாக்கல” என்றாள் தையல்காரி.

“எதை?”

“உயரத்த. பிட்ட மாத்தினேன், உயரம் வைக்கல. பாத்தாச்சுன்னு வாய்ல வந்ததச் சொல்லிட்டேன்.”

“கடைய அப்படியே போட்டுட்டு வந்துட்டோம்க்கா” என்று மருந்துக்கடைக்காரரின் மனைவி புருஷனை இழுத்துக்கொண்டு போனாள். சனிக்கிழமை அவர்கள் கடைக்கு விடுமுறை.

“எப்ப தெரியும் உனக்கு?”

“சத்தம் கேட்டப்பவே.”

“ஏழு நாளா?”

“ஏழு நாளாங்க.”

முப்பத்திரண்டு வருஷம் ஒலிப்பானில் மட்டுமே கோபத்தைக் காட்டியவர் அன்றுதான் வாயால் கத்தினார். “பலகை போவட்டும்டி! கண்ண மூடினா அண்ணன் முகம்தான் வந்துச்சு. நீ பக்கத்துல உக்காந்து பொத்தான் தெச்சிட்டிருந்த!”

 அவளிடம் கொடுத்திருந்த கார் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே போனார். கார் கிளம்பிற்று. அவள் துடைப்பத்தை எடுத்துத் தரையைக் கூட்டினாள். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டினாள்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தவர், நேரே கணினியின் முன்னால் உட்கார்ந்து கொடியைத் திறந்தார். பள்ளத்தின்மேல் ஒட்டி மறைக்கிற அளவுக்கு ஒரு பெரிய இலையை வரையத் தொடங்கினார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. உட்கார அவளுக்குத் துணிவில்லை, பின்னாலேயே நின்றாள்.

“வெளிச்சத்த மறைக்காத” என்றார், திரும்பாமல்.

அவள் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டாள்.