காணாமப் போன டிஸ்க்கும் களவாணிப் பட்டமும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழில்ல எந்தக் கோளாறையும் சமாளிச்சுடலாம். "உள்ளே டிஸ்க்கே இல்லை"ன்னு ஸ்கிரீன் சொல்றப்ப மட்டும் சொந்தக்காரர் பக்கத்துல நிக்கக் கூடாது.

ரேடியோ, டிவின்னு ஆரம்பிச்சு இதுக்கு வந்தவன் நான். படிப்பு கொஞ்சம்தான். ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல கடை. புதுசா விண்டோஸ் மாதிரி ஓ.எஸ். ஏத்தும்போது, எந்த டிஸ்க்குல ஏத்தட்டும்னு அது ஒரு இடத்துல கேக்கும். அந்த இடம் காலியா வந்தா நமக்கு அது கோளாறு, கொண்டு வந்தவருக்குத் திருட்டு. ஒருத்தர் பஸ்ல ஏறி, "அந்தக் கடையில குடுக்காதீங்க"ன்னு சொன்னாப் போதும், மலை முழுக்கப் பரவிடும். நான் கடையைக் கட்டிக்கிட்டு அடிவாரத்துக்கு இறங்க வேண்டியதுதான். இதே பொழப்புல இருக்கிற உங்களுக்கு இதை நான் சொல்லவா வேணும்!

பென்டிரைவில் வந்த டிஸ்க்

லாட்ஜ் மேனேஜர் ஒருத்தர், சேலத்துக்காரர், புது லேப்டாப்புல ஓ.எஸ். ஏத்தணும்னு வந்து என் கையையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்தார். டிஸ்க் கேக்கிற அந்த இடம் வந்துச்சு. காலி. "காலையில வரைக்கும் ஓடுச்சுங்களே"ன்னார். குரலே மாறிடுச்சு. புது மாடலுக்கு டிரைவர் ஃபைலைத் தனியாக் கொடுக்கணும், இல்லாட்டி டிஸ்க் கண்ணுக்குத் தெரியாதுன்னு எடுத்துச் சொன்னேன். மண்டையை ஆட்டினார், பார்வை என்னமோ என் சட்டைப் பையிலேயே நின்னுச்சு.

வேற கம்ப்யூட்டர்ல அந்த ஃபைலை இறக்கி, பென்டிரைவுல போட்டுச் சொருகினேன். டிஸ்க் வந்துடுச்சு. அப்பாடான்னு திரும்பினா, அவர் கேட்டார்: "ஏனுங்க, அப்ப இத்தனை நேரமா அந்தப் பென்டிரைவுலதான் எடுத்து வெச்சிருந்தீங்களா?"

களத்தில் காய்ந்த சி.பி.யூ.

சந்தேகம் எனக்கும் வரும். கரடியூர்ல இருந்து ஒரு காப்பி விவசாயி சி.பி.யூ.வைத் தூக்கிக்கிட்டு வந்தார். டிஸ்க் தெரியலை. "வேற மெக்கானிக் யாரும் தொடலீங்க"ன்னு சத்தியம் பண்றார். ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சு கிடக்கு. எவனோ கெடுத்ததை நம்ம தலையில கட்டப் பார்க்கிறார்னு மனசுக்குள்ள கறுவிக்கிட்டே திறந்தேன். டிஸ்க் இருக்கு, அதை போர்டோட சேர்க்கிற ஒயரைக் காணோம். மூடியில காப்பித் தொலி ஒட்டியிருக்கு. இது எப்படி வந்துச்சுன்னு கேட்டேன்.

"மழைக்கு நொம்ப நமுத்துப் போச்சுன்னு நான்தான் கழட்டிக் காப்பிக் களத்துல காய வெச்சேனுங்க. திருப்பி மாட்டுனப்ப ஒரு ஒயரு மிச்சமாச்சு. கம்பெனிக்காரன் சேர்த்துக் குடுத்திருப்பான்னு ஊட்டுலயே வெச்சுட்டேன்."

எடை குறைந்த பெட்டி

மாரமங்கலம் ராமசாமி அண்ணனுக்கு மிளகுத் தோட்டம். எடையில ஏமாந்து ஏமாந்து, தராசைத் தவிர யாரையும் நம்ப மாட்டார். அவர் சி.பி.யூ. பெட்டியிலயும் டிஸ்க் தெரியலை. மகள் கல்யாணப் போட்டோ அத்தனையும் அதுலதான். விட்டுட்டுப் போனார். திறந்தா, பின்பக்க ஓட்டை வழியாக் குளவி புகுந்து, டிஸ்க் ஒயர் சொருகுற இடத்துல மண்கூடு கட்டி வெச்சிருக்கு. கொத்தி எடுத்துச் சுத்தம் பண்ணி, தளர்ந்திருந்த ஒயரை அழுத்திச் சொருகினேன். டிஸ்க் வந்துச்சு, போட்டோவும் பத்திரம்.

மறுநாள் வந்தவர் பையில இருந்து கொக்கித் தராசை எடுத்துப் பெட்டியை மாட்டினார். "எடை குறையுதுங்களே! ஊட்டுல நிறுத்துட்டுத்தான் கொண்டாந்தேன். என்னத்தைக் கழட்டுனீங்க?" போட்டோவை ஒவ்வொண்ணாப் போட்டுக் காட்டினேன். "போட்டோ இருக்குதுங்க. அதுக்கு ஏது எடை?" கடையில நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. வெளியே மாரமங்கலம் பஸ் உறுமிக்கிட்டு நிக்குது. அது கிளம்பினா என் பேரும் சேர்ந்து கிளம்பிடும்.

குப்பைக் கூடையைக் கவுத்தேன். டீ கப்புக்கு நடுவுல கிடந்த மண்ணைப் பொறுக்கி ஒரு பையில போட்டு, "இதுதாங்க உள்ளே குளவி கட்டியிருந்த மண்ணு"ன்னு பெட்டியோட சேர்த்துக் கொக்கியில மாட்டினேன். தராசு முள்ளைப் பார்த்தேன். பழைய எடைக்கு வந்து நின்னுச்சு. அண்ணன் முகம் தெளியலை. குனிஞ்சு மண்ணை மோந்து பார்த்தார். கண்டக்டர் விசில் ஊதினதும் பெட்டியைத் தூக்கித் தோள்ல வெச்சவர், கடைப் படியில நின்னு திரும்பினார்.

"திருடலைங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்த மண்ணையும் கட்டிக் குடுங்க, அது எங்கூட்டுக் குளவி கட்டுனது."

இத்தனை வருசத்துல காணாமப் போன டிஸ்க் ஒவ்வொண்ணும் கிடைச்சிருக்கு, என் மேல விழுந்த சந்தேகம்தான் ஒண்ணுகூட முழுசாக் கழண்டபாடில்லை.