நாற்பத்தொன்றாம் எண் மாடு

மூக்கு சாருக்கு அந்தப் பெயர் வந்தது மூக்கின் அளவால் அல்ல, அது பார்த்த வேலையால். கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கிருமி வளர்க்கிறவர் அவர். மாதம் நிறையும் முன்பே கன்றைத் தள்ளிவிட்ட மாட்டின் ரத்தம் வந்தால், அதைக் கண்ணாடித் தட்டில் தடவி, சூட்டுப் பெட்டியில் வைத்து, கிருமி முளைத்ததும் மூடியைத் திறந்து ஆழமாக ஒரு இழுப்பு இழுப்பார்.

"இது சும்மா சாணிக் கிருமி. தூக்கிப் போடு" என்பார். நுண்ணோக்கியில் பார்த்தால் அதேதான் இருக்கும். தட்டை மோந்து பார்க்கக் கூடாது என்று சுவரில் ஒரு அறிவிப்பு தொங்கியது. அதை எழுதி மாட்டியவரும் அவரேதான். ஊருக்குத்தானே உபதேசம்!

ஆதாரமில்லாமல் எதையும் நம்பமாட்டார். வீட்டில் அவர் மனைவிக்கோ ஆதாரமே தேவையில்லை. முன்கட்டில் தையல் கடை வைத்திருந்த அந்த அம்மாள், பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். மாப்பிள்ளை வேலையை விடப்போகிறார் என்றாள், விட்டார். பக்கத்து வீட்டுக் கூரை ஒழுகும் என்றாள், ஒழுகியது. கணவருக்குப் பொறுக்கவில்லை. துணி வெட்டும் காகிதத்தில் நான்கு கட்டம் போட்டுச் சுவரில் ஒட்டினார். இருக்கு என்று சொல்லி இருந்தது, இருக்கு என்று சொல்லி இல்லாதது, இல்லை என்று சொல்லி இருந்தது, இல்லை என்று சொல்லி இல்லாதது.

"எந்தப் பரிசோதனையா இருந்தாலும் இந்த நாலு கட்டத்துல அடங்கணும். நீயும்தான்."

அவள் சொன்ன ஒவ்வொன்றுக்கும் உரிய கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தார். நாலு வருடத்தில் முதல் கட்டமும் கடைசிக் கட்டமும் புள்ளியால் கறுத்துப்போயின. நடுவில் இருந்த இரண்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தன.

"இதுல ஏன் ஒண்ணுமே இல்ல?" என்று ஒன்றும் தெரியாதவள்போலக் கேட்பாள்.

"வரும். நேரம் வரும்" என்பார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆறு மாதமாக அவள் ஒரே பல்லவி பாடிக்கொண்டிருந்தாள். "ஏங்க, சாயங்காலமானா உடம்பு அனலாக் கொதிக்குது. தலையணை உறை தினமும் நனைஞ்சு கிடக்கு. உங்களுக்குள்ள ஏதோ நோய் இருக்கு. டாக்டர்கிட்ட போங்க."

"வயசு."

அவள் அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். "ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு."

"நாடா நீண்டுபோயிருக்கும்."

இந்த மனுஷனை என்ன செய்வது? பேசாமல் இரண்டு கால்சட்டையையும் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான், மாட்டைக் கன்று தள்ள வைக்கும் கன்று வீச்சு நோய்க்குப் புதிய பரிசோதனைப் பட்டை வந்து இறங்கியது. ஒரு சொட்டு ரத்தம் விட்டால் போதும். ஒரு கோடு விழுந்தால் நோயில்லை, இரண்டு விழுந்தால் நோய். அது மெய் சொல்கிறதா பொய் சொல்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு ஆய்வுக்கூடத்துக்கு. நோய் உறுதியான ஐம்பது மாட்டின் ரத்தம், நோயே இல்லாத ஐம்பது மாட்டின் ரத்தம், இரண்டையும் கலந்து எண் மட்டும் ஒட்டி வைக்க வேண்டும். எது எதுவென்று தெரியாமல் மூக்கு சார் கோடுகளைப் படிப்பார். நோயில்லாத ஐம்பதில் ஒன்று தவறினாலும் பட்டை தள்ளுபடி. பின்னே? தப்பான இரண்டாவது கோட்டுக்காக நல்ல மாடு ஒன்று வெட்டுப்பட வேண்டுமா!

கலப்பதற்கு முதல் நாள், நோயில்லாத குப்பிகளில் ஒன்று அவர் கைதவறி விழுந்து உடைந்தது. வேறு ரத்தம் வர பத்து நாளாகும். இயக்குநர் மேடமோ, நூறு என்றால் நூறு இருக்க வேண்டும் என்கிறவர். மூக்கு சார் யோசித்தார். மனிதருக்கும் தொற்றும் நோய்தான். ஆனால் அது கவனமில்லாதவர்களுக்கு வருவது. சட்டைக் கையை மடித்தார், ஊசியைக் குத்தினார், ஐம்பதாவது குப்பியை நிரப்பினார். கூடவே, குப்பிக்கு ஒன்றாக உள்ள மாட்டு விவர அட்டையும் எழுத வேண்டியிருந்தது. நிறம்: கருப்பு. ஈற்று: இல்லை. கடைசியாகச் சினை பிடித்த நாள்: பொருந்தாது. குணம்: சாது. முகவரிக்குத் தன் வீட்டு முகவரியையே போட்டார்.

எழுத்தர் கலக்கினார், எண் ஒட்டினார். மூக்கு சார் படித்தார். இயக்குநர் மேடம் எல்லோர் முன்னிலையிலும் விடை இருந்த உறையைப் பிரித்துச் சரிபார்த்தார். தொண்ணூற்றொன்பது சரி. நாற்பத்தொன்றில் வந்து பேனா நின்றது. "இது நோயில்லாத குப்பி. பட்டையில ரெண்டு கோடு. எந்த மாடுங்க இது?"

அட்டையை நீட்டினார்கள். மூக்கு சாரின் கையெழுத்து. சொல்லித்தான் தீர வேண்டியிருந்தது.

"மேடம்... அந்த மாடு நான்தான்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பழைய முறைப்படி சாயக் கரைசலில் அதே ரத்தத்தைக் கலந்து பார்த்தார்கள். அது நோயில்லை என்றது. புதியது உண்டு என்கிறது. ஆக, மூக்கு சார் நன்றாக இருந்தால் பட்டை தோற்றது. பட்டை ஜெயித்தால் மூக்கு சாருக்கு நோய்.

"நீங்க நல்லா இருக்கணும்னுதான் நினைக்கிறேன்" என்றார் மேடம். "ஆனா இந்தப் பட்டைக்குப் பின்னால மூணு வருஷ வேலை..."

மறுநாளிலிருந்து எழுத்தர் தினமும் வந்து கேட்டார். "உடம்பு எப்படி சார் இருக்கு?"

"தேவலை."

"அடடா" என்று முகம் வாடித் திரும்புவார்.

போதாக்குறைக்கு, இரண்டு கோடு விழுந்த எண்களுக்கெல்லாம் அலுவலக இயந்திரம் தானாகவே உத்தரவு அச்சடித்துத் தள்ளியது. நாற்பத்தொன்றாம் எண் மாட்டை மந்தையிலிருந்து பிரித்து, காதில் துளையிட்டு, ஏழு நாளுக்குள் வெட்டி ஆழப் புதைக்கவும். அதை எடுத்துக்கொண்டு ஒரு கால்நடை ஆய்வாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். மூக்கு சார் அப்போது அலுவலகத்தில் இருந்தார்.

"மாடு எங்கம்மா?"

"எந்த மாடு?"

அவர் உத்தரவோடு வந்த அட்டையை வாசித்தார். "கருப்பு. ஈற்று இல்லை. குணம் சாது." அதிலிருந்த முகவரியையும் கணவரின் கையெழுத்தையும் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு விளங்கிவிட்டது.

"சாதுன்னு எழுதினது யாரு? அதை மட்டும் அடிச்சிடுங்க" என்றாள். ஆய்வாளர் போனதும் கடையைப் பூட்டினாள். நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போய், கணவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "பட்டையும் வேண்டாம், சாயமும் வேண்டாம். ரத்தத்துல கிருமியை வளர்த்துப் பார்த்தாத்தான் உண்மை. மூணு வாரம் ஆகும்." ரத்தம் எடுத்து அனுப்பினார். அந்தக் கிருமியை வளர்க்கத் தெரிந்த கூடம் சுற்றுவட்டாரத்தில் ஒன்றே ஒன்று. குப்பி மறுநாள் காலை நேராக மூக்கு சாரின் மேஜைக்கே வந்து சேர்ந்தது.

வேறு யாருக்கும் அந்த வேலை தெரியாது. தன் ரத்தத்தைத் தானே தட்டில் தடவினார். தினமும் சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒன்றும் முளைக்காத ஒவ்வொரு நாளும் எழுத்தரைப் பார்த்து வேண்டுமென்றே சிரித்தார். வீட்டில் மட்டும் சிரிப்பு வரவில்லை. பயமாக இருந்தது. அவளோ அவர் இருக்கும்போது சுவரில் இருந்த கட்டங்களை நிமிர்ந்தும் பார்க்காமல் தைத்துக்கொண்டே இருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் தட்டில் தேன் துளிகளைப் போலக் கிருமி முளைத்திருந்தது. பழக்கதோஷம், கை மூடியைத் திறக்கப் போனது, முகம் தானாகக் குனிந்தது. பாதியில் நின்றார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவர் இருபத்திரண்டு வருடமாக எந்த வழியாக நோயை உள்ளே இழுத்தார் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, மூக்குக்கு வேலை வைக்காமல், முறைப்படி மற்ற சோதனைகளைச் செய்து முடித்தார். பதிவேட்டில் நாற்பத்தொன்றுக்கு நேரே எழுதினார்: நோய் உண்டு. பட்டை சரி.

கூடத்தில் கைதட்டினார்கள். பிறகு எதற்காகத் தட்டுகிறோம் என்று நினைவு வந்து நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலடியில் மிதி ஓடவில்லை.

"நீ சொன்னதுதான்" என்றார். "குணமாகிடுமாம். ஆறு வாரம் மாத்திரை. நீ சொன்னப்பவே போயிருந்தா முன்னாடியே ஆகியிருக்கும்."

பேனாவை எடுத்துச் சுவர்ப்பக்கம் போனார். முதல் கட்டத்தில் இன்னொரு புள்ளி வைக்கக் கையைத் தூக்கினார். அவள் எழுந்து வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முப்பது வருடத்தில் எதற்கும் அழாதவள் விம்மி விம்மி அழுதாள்.

"அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து எத்தனை நாள் வேண்டிக்கிட்டேன் தெரியுமா?" என்றாள். "இந்த ஒரு தடவை மட்டும் நான் சொன்னது தப்பாப் போயிருக்கக் கூடாதா?"