கம்பைலர் மாற்றிய அமாவாசை

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. சர்வரில் கை வைக்க எங்களுக்கு அதுதான் தோதான நாள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவை டிசைன் சென்டரில் நான் சிஸ்டம் பார்க்கிறேன். எங்கள் லினக்ஸ், ஒவ்வொரு மென்பொருளையும் அதன் சோர்ஸிலிருந்து, அதாவது எழுதிய மூல வரிகளிலிருந்து, மெஷினில் ஓடும் வடிவத்துக்கு நாமே கம்பைல் செய்துகொள்ளும் வகை. அதைச் செய்யும் கம்பைலர் பழசாகிவிட்டது. மாற்றப் பயந்து, ஒவ்வொரு அமாவாசையாகத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

இந்த முறை முதலாளி என்னிடம் சொல்லவில்லை. புதிதாக எங்களிடமே வேலைக்குச் சேர்ந்திருந்த என் மகள் நித்யாவிடம் சொன்னார்.

“பொண்ணு செய்யட்டும் தாமு. நீ பயந்துக்கினே இருப்ப. பக்கத்துல உக்காந்து டீ குடிபா.”

டீ ஆறிப்போனது. அவள் புதிய கம்பைலரை ஏற்றி, மொத்த சிஸ்டத்தையும் அதில் மறுபடி கம்பைல் செய்ய விட்டாள். எரர் வந்து நிற்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று ஒரு மனம். சேர்ந்த புதிதில் அவள் பெயர் கெட்டுவிடுமோ என்று இன்னொரு மனம். எரர் வரவேயில்லை. சாயங்காலம் பழைய கம்பைலரை நீக்கிவிட்டாள்.

மறுநாள் காலை ஐயம்பேட்டை நெசவாளர் ஏகாம்பரம் பென்டிரைவோடு வந்தார். முந்தானை டிசைனைத் தறிக்கான ஃபைலாக மாற்றும் புரோகிராம் திறக்கவில்லை. அது ஓடத் தேவையான, பழைய கம்பைலரோடு போய்விட்ட ஒரு லைப்ரரி ஃபைலைத் தேடியது.

“முகூர்த்தப் புடவைமா. தறி சும்மா நிக்குது,” என்றார்.

நித்யாவின் முகம் வெளுத்தது. “எல்லாத்தையும் ரீபில்ட் பண்ணேனேப்பா!”

அந்தப் புரோகிராம் மட்டும் சிஸ்டத்தின் பட்டியலில் பதிவான பேக்கேஜாக இல்லை. நான் எழுதி, கையால் கம்பைல் செய்து தனியாக வைத்தது. அப்படி ஒன்று இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது. முந்தின நாள் பொறாமையில் வெந்துகொண்டிருந்த எனக்கும் ஞாபகம் வரவில்லை.

“நகருமா,” என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். பெற்ற பிள்ளை கலங்கி நிற்கிறாள், எனக்கு உள்ளே இனித்தது. அதை நினைத்தால் இப்போதும் என்னவோ செய்கிறது.

சோர்ஸை எடுத்து கம்பைல் செய்தேன். திரை நிறைய எரர். நான் ஒரு ஹெடர் ஃபைலைச் சேர்க்காமலே எழுதியிருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. பழைய கம்பைலர் கண்டுகொள்ளவில்லை, புதியது விடவில்லை. எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நித்யா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அப்பா, ஒரு ஹெடர் விட்டுப்போச்சு. அதச் சேக்க மேல ஒரே ஒரு இன்க்ளூட் லைன் போடு. போதும்.”

போட்டேன். ஓடியது. ஏகாம்பரம் ஃபைலோடு கிளம்பினார்.

“அப்பன் பூட்டிவச்சத பொண்ணு தொறந்துட்டா!” என்றார் முதலாளி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

மதியத்துக்குள் அதை முறையான பேக்கேஜாக மாற்றிவிட்டாள். “எழுதினவர்னு உன் பேரு போட்டிருக்கேன்பா. பிரச்சனைனா யாரக் கேக்கணும்ங்கற எடத்துல என் பேரு. ஓகேவா?”

“சரிமா.”

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்குச் சொல்கிறேன். கம்பைலரை மாற்றுமுன், கையால் கம்பைல் செய்து தனியாக வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் முதலில் அதைப் பேக்கேஜாக்குங்கள்.

அடுத்த அமாவாசைக்கும் முதலாளி அவளைத்தான் கூப்பிடுவார். எனக்கு டீ வரும். ஆறுவதற்குள் குடிக்கப் பழக வேண்டும்.