கூட ஆள் இல்லாமல் வாங்கிய நீலக்கல்

"கூட யாரும் வரலையா சார்?"

போன வருஷம் ஈஸ்டர் கழிந்து மூன்றாவது வாரம். ஒரு கல்யாண மண்டபத்தில் ராசிக்கல் கண்காட்சி போட்டிருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவர்தான் இதைக் கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கு இரண்டு பக்கமும் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். ஒரு மோதிரத்துக்கு எட்டுப் பேர். அத்தை ஒன்றைக் காட்ட, மாமா அது வேண்டாம் என்க, நடுவில் ஒரு குழந்தை ஐஸ்கிரீம் கேட்டு அழுதது. நான் மட்டும் டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒண்டியாக நின்றேன்.

"வர்றாங்க, பின்னாடி வர்றாங்க" என்று சொன்னேன்.

யாரும் வரவில்லை. வருவதற்கு யாரும் இல்லை. சபையாரே, அந்தப் பொய்யிலிருந்துதான் நான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் செல்வராஜ். வயது நாற்பத்து நான்கு. ஆம்பூர் பக்கத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபது வருஷமாக செலக்ஷன் டேபிளில் நிற்கிறேன். பதனிட்டு முடித்த தோலை வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் போட்டு, உண்ணிக் கடி, முள் கிழித்த தழும்பு, கத்தி பட்ட கீறல் எல்லாம் பார்த்து ஏ, பி, சி என்று பிரிப்பது என் வேலை. பள்ளிக்கூடம் எட்டாவதோடு சரி. மற்றதெல்லாம் ஜனங்கள் பேசப் பேசக் கேட்டுக் கற்றதுதான். பஸ்ஸில் யார் என்ன சொன்னாலும் எனக்கு மனதில் நின்றுவிடும். வாயும் சும்மா இருக்காது. எங்கள் சூப்பர்வைசர் முருகேசன் அண்ணன், "செல்வத்த லஞ்சுக்குப் பக்கத்துல உக்கார வெச்சா சோறு ஆறிடும்யா" என்பார்.

அந்த வாய் வீட்டுக்கு வந்தால் மூடிவிடும். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா பக்கவாதத்தில் ஆறு வருஷம் படுக்கை. நான்தான் பார்த்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் கட்டிலைப் பார்த்துவிட்டுக் காபி குடித்துக் கிளம்பினார்கள். "நான் போனப்புறம் நீ யாருகிட்டடா பேசுவ? பல்லிகிட்டயா?" என்று அம்மா குழறிக் குழறிக் கேட்பார். சிரிப்பேன். அம்மா போனபிறகு சிரிப்பு வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் மறுநாள் காலை கேட்டில் செக்யூரிட்டிக்கு வணக்கம் சொல்கிற வரை ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்த வணக்கம் தொண்டை கட்டினமாதிரி வரும். "சளியா செல்வம்?" என்பார். ஆமாம் என்பேன்.

இப்படி நான்கு வருஷம். அதன்பிறகுதான் பாஸ்டர் அம்மா சுகந்தியைப் பற்றிச் சொன்னார்கள். நாட்றம்பள்ளியில் மருந்துக் கடையில் வேலை. வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகி நாலே மாதத்தில் கணவர் பைக் விபத்தில் இறந்துபோனார். பன்னிரண்டு வருஷமாகத் தனியாக இருக்கிறாள். பாஸ்டர் வீட்டு ஹாலில் ஒரே ஒரு முறை பார்த்தோம். பிறகு சனிக்கிழமை மதியம் கடை மூடும் நேரத்தில் போனில் பேசுவோம். ஜூன் கடைசியில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது.

என்ன வேண்டும் என்று நான்தான் கேட்டேன். "புடவை, செயின் எதுவும் பெருசா வேணாங்க. மோதிரத்துல நீலக்கல் வைங்க. சின்னதா இருந்தா போதும். நெஜக் கல்லா இருக்கட்டும்" என்றாள். ஏன் நீலம் என்று கேட்டதற்கு, "அப்புறம் சொல்றேன்" என்றாள்.

திங்கட்கிழமை வேலையிடத்தில் வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டேன். முருகேசன் அண்ணன் கையிலிருந்த தோலைக் கீழே போட்டுவிட்டார்.

"நீலமா? யோவ், அது சனியோட கல்லுய்யா! ஒத்துக்கலைன்னா ஆளையே சாச்சிடும். நிச்சயத்துக்குப் போயி எவனாச்சும் நீலம் வெப்பானா? ஜாஸ்தி பேஜாரு. மூணு நாள் தலகாணிக்கு அடில வெச்சிப் பாரு. கெட்ட கனா வந்தா திருப்பிக் குடுத்துடு."

அவர் சொன்னால் பரவாயில்லை. நம் சபையிலேயே ஒரு அக்கா, பெயர் வேண்டாம், "நாம இதெல்லாம் நம்பறதில்ல தம்பி. ஆனா எதுக்கு வம்பு? ஒரு வெள்ளக் கல்லா வெச்சிடேன்" என்றார்கள். நானும் சிரித்துத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் ராத்திரி படுத்ததும் சுகந்தியின் முதல் கணவர் ஞாபகத்துக்கு வந்தார். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் சாட்சி ஆகாது.

தங்கம் விற்கிற விலை உங்களுக்குத் தெரியும். அம்மாவின் ஒரு ஜோடிக் கம்மல் இருந்தது, அதை உருக்கிக்கொள்ளலாம். கல்லுக்கு என்று இருபதாயிரம் ஒதுக்கினேன். அதற்கு மேல் என்னால் முடியாது. அந்தக் கணக்கில்தான் கண்காட்சிக்குப் போனேன்.

பத்துக் கல்லை எடுத்துப் போட்டார் அந்த ஆள். ஒவ்வொன்றிலும் என் கண் போன இடம் குறைதான். ஒன்றில் மேகம் மாதிரி மங்கல். ஒன்றில் ஓரத்தில் கோடு. ஒன்றில் ஒரு மூலை வெளிர். இருபது வருஷப் பழக்கம், விரல் தானாக ஒதுக்கியது. கடைசியில் ஒன்று மிஞ்சியது. நல்ல நீலம். ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு இல்லை. "சார் கண்ணு சரியான கண்ணு" என்றார் அவர். வெளியே எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில் பார்த்திருக்க வேண்டும். டியூப் லைட்டில் தோல் பிரிக்கிறவனை நானே திட்டுகிறவன்! ஆனால் பக்கத்தில் அந்த எட்டுப் பேரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. பின்னாடி வருகிறவர்கள் எங்கே என்று அவர் மறுபடி கேட்டுவிடுவாரோ என்று பயம். ஒதுக்கிய பணத்தில் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வந்து என்ன செய்தேன்? விசுவாசி நான், ஜெபித்துவிட்டுப் படுக்கிறவன், கல்லைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள். ஒரு கனவும் வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

நான்காம் நாள் பஜாரில் நகை செய்கிற குமார் பத்தரிடம் கொண்டுபோனேன். என் வயதுதான் அவருக்கும். லென்ஸைக் கண்ணில் வைத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார்.

"எங்க வாங்கினீங்க?"

சொன்னேன்.

"இயற்கைக் கல்லுன்னா உள்ள இன்னாவாச்சும் இருக்கும் சார். நூலு மாதிரி, எறகு மாதிரி. இதுல ஒண்ணுமே இல்ல. மெஷின்ல செஞ்ச கல்லு. நாலு நூறு கூடப் பெறாது."

"மூணு நாள் தலகாணிக்கு அடில வெச்சேனே, ஒண்ணும் ஆவலையே" என்று உளறினேன்.

"மெஷின் கல்லுக்கு இன்னா கனா வரும் சார்?" என்றார். சொன்னபிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், டீ சொன்னார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஏமாந்தது ஒரு பக்கம். எனக்குத் தெரிந்த விஷயத்திலேயே ஏமாந்தேனே, அதுதான் அறுத்தது. செருப்பு வாங்கப் போகிற தெரிந்தவர்களிடம் எல்லாம் நான் சொல்வது என்ன? நிஜத் தோலில் தழும்பு இருக்கும், ரெக்சினில்தான் ஒன்றுமே இருக்காது, தடவிப் பார்த்து வாங்குங்கள் என்பேன். ஊருக்குச் சொன்னவன் எனக்கு ரெக்சின் வாங்கி வந்தேன். மண்டபத்துக்கு ஓடினேன். கண்காட்சி காலி. அங்கே யாரோ வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் நேராக நம் கோயிலுக்கு வந்தேன். உள்ளே யாரும் இல்லை. நான் வழக்கமாக உட்காரும் கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஜெபம் வரவில்லை. பேச்சுக்காரன் என்று பெயர், ஆண்டவரிடம் ஒரு வார்த்தை வரவில்லை. மீதிப் பணத்தில் நிஜ நீலம் கிடைக்காது என்றே நினைத்தேன். இந்தக் கல்லையே வைத்துக் கொடுத்துவிடலாமா என்று ஓர் எண்ணம் ஓடியது. யாருக்குத் தெரியும்? அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதிலும் நான் பொய்யை வைத்துக் கொடுப்பதா? உண்மையைச் சொன்னால், ஒரு கல் வாங்கத் துப்பில்லாதவன் என்று அவள் வீட்டார் நிறுத்திவிட்டால்? மறுபடி அந்த வீடு, அந்தச் சுவர், அந்தப் பல்லி.

அப்போதுதான் அழுகை வந்தது. அழுதுகொண்டே கேட்டேன். "ஆண்டவரே, கல்லு போனாப் போகட்டும். அன்னிக்கு என் பக்கத்துல ஒரே ஒரு ஆள் நின்னிருந்தா, வெளிச்சத்துல பாருன்னு சொல்லியிருப்பாங்க. எனக்குக் கூட வர ஒரு ஆளைக் குடுங்க." வேறு எதுவும் கேட்கவில்லை. அத்தை மகனோ, வேலையிடத்து தோஸ்த்தோ யாராவது ஒருவர் என்றுதான் நினைத்துக் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் போனில் ஒரு செய்தி வந்தது. சுகந்தி. முந்தின வாரம் விரல் அளவு கேட்டிருந்தேன். விரலில் நூல் சுற்றிப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கீழே இப்படி எழுதியிருந்தாள்: "ரெண்டு தடவை சுத்தினேன், ரெண்டு அளவு வருது. நானே கூட வரட்டுமா? பொண்ணு வரக் கூடாதுன்னா வேணாம்."

அந்த எழுத்தை இன்னொரு தடவை படித்தேன். கேட்டது கிடைத்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. கூடவே, இனி மறைக்க முடியாது என்பதும் புரிந்தது. போன் போட்டேன். கண்காட்சி, பின்னாடி வருகிறார்கள் என்று சொன்ன பொய், தலையணை, பத்தர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன்.

"ஹலோ?" என்றேன். "ஹலோ?"

"இருக்கேன்" என்றாள்.

சபையாரே, அந்த ஒரு வார்த்தையை என் வீட்டில் நான்கு வருஷமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை வாணியம்பாடி வழியாக பஸ் பிடித்து வந்தாள். பத்தரிடம் என் நிலைமையைச் சொல்லியிருந்தேன். தனக்குத் தெரிந்த வேலூர் கல் வியாபாரியிடமிருந்து மூன்று சின்னக் கற்களைக் காகிதத்தில் மடித்து வாங்கி வைத்திருந்தார். மூன்றும் நிஜம், சூடு காட்டி நிறம் ஏற்றியவை என்பதையும் அவரே சொன்னார். இந்த முறை நான் சொன்னேன், "வெளியில போய்ப் பாக்கலாம்" என்று. தெருவுக்கு எதிர்ப்பக்கம் கட்டட நிழலில் நின்று, சுகந்தியின் புறங்கையில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். கடைக்குள் பளபளத்த முதல் கல் நிழலில் மை மாதிரிக் கறுத்துவிட்டது. இரண்டாவது அழகு, ஆனால் எங்கள் சக்திக்கு மேல். மூன்றாவது உளுந்து அளவு. ஓரத்தில் வெள்ளையாக ஒரு நூல், ஒரு மூலை கொஞ்சம் வெளிர்.

"சி கிரேடு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்ப என்னை எந்த கிரேடுல போட்டீங்க?" என்றாள்.

அவசரமாகக் கல்லைக் காகிதத்தில் மடிக்கப் போனேன். அவள் சிரித்துவிட்டாள். பிறகு கல்லைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அவர் போனப்போ, எல்லாம் உன் ராசின்னு சொன்னாங்க. எந்த விசேஷத்துக்கும் என்னை முன்னால நிக்க விடமாட்டாங்க. கடையில ஒரு அம்மா நீலக்கல்லப் பத்தி அப்படியே பேசினாங்க, அது இருந்தா வீட்ல ஆள் தங்காதுன்னு. கேக்கறதுக்கு என்னைச் சொல்ற மாதிரியே இருந்தது. அதான் கேட்டேன். நீங்க பயப்படுவீங்களான்னு பாக்கணும்."

"பயந்தேன்" என்றேன். "தலகாணிக்கு அடில வெச்சேனே."

"வெச்சதை மறைக்கலையே" என்றாள்.

நான் அந்த வெள்ளை நூலை மறுபடி பார்த்தேன். வடக்கு ஜன்னலில் பார்க்கிற மாதிரித் தெளிவாகத் தெரிந்தது. "இது நிஜம்" என்றேன். "இதையே எடுத்துக்கலாம்." மிச்சமிருந்த பணத்தில் அடங்கியது. அளவெடுக்கும் வளையத்தைச் சுகந்தியின் விரலில் போட்டுப் பார்த்த பத்தரிடம், "அண்ணா, எங்க கடையில எல்லாத்துலயும் எக்ஸ்பயரி தேதி பாத்துப் பாத்து அலுத்துடுச்சு. இதுல ஒண்ணும் போட்டுடாதீங்க" என்றாள்.

ஜூன் கடைசியில், உங்கள் எல்லாருக்கும் முன்னால், அந்த மோதிரத்தைப் போட்டேன். எதற்கு வம்பு என்று கேட்ட அக்காதான் முதலில் வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். செப்டம்பரில் கல்யாணம். இப்போதும் சில நாள் பழக்கத்தில் ஓர் ஆளுக்கு மட்டும் அரிசி அளந்துவிடுகிறேன். சுகந்தி ஒன்றும் சொல்லாமல் இன்னொரு பிடி போடுவாள். அந்த மெஷின் கல்லை நான் எறியவில்லை. செலக்ஷன் டேபிள் டிராயரில் கிடக்கிறது. குறையில்லாததைக் கண்டு மயங்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

ஆண்டவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு அழகாகச் சொல்ல வரவில்லை. கடைசி பெஞ்சின் ஓரத்தில் இருந்து நான் கேட்டதை அவர் கேட்டார். இன்றும் அங்கே யாராவது உட்கார்ந்திருப்பீர்கள். ஜெபம் வரவில்லை என்றாலும் உட்காருங்கள். வருகிற வார்த்தையைச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நகை வாங்கவோ, ஆஸ்பத்திரிக்கோ, ரிஜிஸ்தர் ஆபீசுக்கோ போக வேண்டியிருந்து, கூட வர ஆள் இல்லை என்றால், ஆராதனை முடிந்ததும் வாசலில் என்னிடம் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் எனக்கு ஓய்வுதான். நான் வருகிறேன், சுகந்தியும் வருவாள். கூட யாரும் வரலையா என்று யாராவது கேட்டால், பொய் சொல்லாமல் எங்களைக் கை காட்டுங்கள்.