அம்மா மூன்று தடவை எடுத்த போன் கோல்

அந்த ஆபீஸ் போனின் ரிசீவரில் எப்போதும் எலுமிச்சை சென்ட் வாசம் அடிக்கும்... ரஜிதா காலையில் வந்ததும் சென்ட் போட்டு அதைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள்.

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பார்சல் கம்பெனி. எனக்கு இருபத்தொரு வயது. மலைநாட்டில் தெமோதரைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தை விட்டு முதல் தடவையாக வேலைக்கு வந்திருந்தேன். முன் மேசையில் யாழ்ப்பாணத்து ரஜிதா, பின்னால் ஸ்டோர் ரூமில் நான்.

முதல் வாரம் நான் "வாங்க, உக்காருங்க" என்று சொன்னதற்கே ஆபீஸ் முழுக்கச் சிரிப்பு.

"என்ன சுமதி, இந்தியப் படத்தில கதைக்கிற மாதிரிக் கதைக்கிறீர்?"

ரஜிதா கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரிக்க வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது. கெட்டிக்காரத்தனம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பெரியவர்கள் எந்த ஆபீசுக்குப் போனாலும் எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்ல மாட்டார்கள். முதலில் சலாம். பிறகு சுகம் விசாரிப்பு. அப்புறம் தோட்டத்தில் எந்தக் கணக்கு, அதாவது எந்தப் பிரிவு, எத்தனையாம் நம்பர் லயத்து வீட்டு வரிசை, யாருடைய சம்சாரம்... தொந்தரவுக்கு மன்னிப்பு. வந்த காரியம் கடைசியில்தான். தோட்டத்துத் துரையின் ஆபீஸ் வாசலில் நின்று நின்று பழகிய மரியாதை அது.

அதைத்தான் நான் செய்து காட்டினேன். ஸ்டோர் ரூம் போனிலிருந்து முன் மேசைக்கு எடுத்து, "சலாமுங்கம்மா, சொகமா இருக்கீங்களா..." என்று இழுப்பேன். ரஜிதா ஏமாந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்தக் கூத்து நடக்கும்.

குரல்? வேறு யார் குரல், என் அம்மாவின் குரல்தான்.

ஒரு ஐப்பசி மத்தியானம். கொழும்பிலேயே விடாத மழை. எங்கள் செல்போன்களை வேலை நேரத்தில் மேனேஜர் வாங்கி மேசை லாச்சியில் பூட்டி வைத்துவிடுவார்; அவசரத்துக்கென்று வீட்டில் ஆபீஸ் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். நான் இரண்டு கப் தேநீருடன் முன் மேசைக்கு வந்தேன்.

ரஜிதா போனில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"காணும் சுமதி, இது மூண்டாம் தரம். பகிடி விட்டது போதும், வந்து தேத்தண்ணியைக் குடியும்..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள் என்னைப் பார்த்தாள். என் இரண்டு கையிலும் கப்.

ரிசீவருக்குள் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

"நீர் இங்க நிக்கிறீர்... அப்ப இது ஆர்?"

கப்பை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகமில்லை. ரிசீவரைப் பிடுங்கினேன்.

"...மேக்கணக்கு அஞ்சாம் நம்பர் லயமுங்க, சுமதியோட அம்மாங்க, தொந்தரவு பண்றேன்னு கோவிச்சிக்காதீங்கம்மா..."

"அம்மா! நான்தாம்மா!"

"பாப்பா... மண்ணு எறங்கிருச்சு பாப்பா. அப்பா மாட்ட அவுக்கப் போனாரு. மாட்டுப்பட்டி மேல மண்ணு. உள்ளுக்குள்ள சத்தம் கேக்குது. ரோட்டுல மரம் கெடக்கு, மிசின் வரணுமாம். எங்கெங்கயோ போன் எடுத்தோம், நாங்க பேசுறது வெளங்கலன்னு வைக்கிறாங்க. நீ டவுன் பேச்சுல சொல்லு பாப்பா, நீ சொன்னா கேப்பாங்க. கடக்கார நானாவோட போனு, சார்ஜ் இல்ல..."

அதோடு லைன் நின்றது.

முதல் இரண்டு தடவையும் அந்தக் காரியம் வரைக்கும் அம்மாவால் வந்து சேரவே முடியவில்லை. சலாம் சொல்லும்போதே ரஜிதா சிரித்து வைத்துவிட்டாள். முதல் கோலுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் இருபது நிமிடம்.

ரஜிதா போலீஸ், மீட்புப் பிரிவு என்று நம்பர் தேடித் தேடி அழுத்திக் கொடுத்தாள். நான் பேசினேன். சலாமும் இல்லை, சுகமும் இல்லை. தோட்டத்துப் பெயர், ஆள் உயிரோடு இருக்கிறார், மெஷின் உடனே வேண்டும். சிங்களத்தில் ஒரு தடவை, கொழும்புத் தமிழில் ஒரு தடவை. என் ஊர்ப் பேச்சு ஒரு சொல்கூட வராமல் பார்த்துக்கொண்டேன். கேட்டார்கள்... அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பொழுது சாய்வதற்குள் அப்பாவை வெளியே எடுத்துவிட்டார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அந்தக் "கொஞ்சம்" இருபது நிமிடமா, இரண்டு மணி நேரமா என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

ரஜிதா என்னிடம் பல தடவை மன்னிப்புக் கேட்டாள். அவளிடம் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அவளுக்குப் பழக்கிக் கொடுத்தவள் நான்.

இப்போது வேறு ஆபீசில் இருக்கிறேன். "வாங்க, உக்காருங்க" என்றுதான் எல்லோரிடமும் பேசுகிறேன், யாரும் சிரிப்பதில்லை. ஆனால் தோட்டத்துப் பேச்சைக் கிண்டல் செய்யும் வீடியோ வாரம் ஒன்றாவது என் போனுக்கு வந்துவிடுகிறது. "அக்கா, நீங்களும் நல்லா செய்வீங்களாமே" என்று ஆபீசில் ஒரு தங்கச்சி போன கிழமை கேட்டாள். எனக்கு வராது என்று சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அப்பா வாசலில் கட்டையை ஊன்றி நின்றார். ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த அம்மா, என்ன நினைத்தாளோ, திடீரென்று கேட்டாள்.

"ஏன் பாப்பா, அன்னிக்கு அந்தப் புள்ள போன்ல சிரிச்சிச்சே... எதுக்கு?"

இத்தனை வருடம் கழித்து!

"பக்கத்துல யாரோ என்னமோ சொல்லிருப்பாங்கம்மா."

"அதானே. நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனோன்னு இருந்திச்சு."

அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ ஒன்றும் தப்பாகப் பேசவில்லை அம்மா... இதை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் மீதியையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.